கடலூர் – சித்தூர் ரோட்டைப் படிப்பது எப்படி

எங்கள் பக்கம் யாரும் இதை மாநில நெடுஞ்சாலை 9 என்று சொல்வதில்லை. கடலூரில் இது நெல்லிக்குப்பம் ரோடு. பண்ருட்டியில் ஒரு பக்கம் கடலூர் ரோடு, மறுபக்கம் அரசூர் ரோடு. காட்பாடிக்குப் போனால் சித்தூர் ரோடு. 'கடலூர் – சித்தூர் சாலை' என்ற முழுப்பெயர் ஆபீஸ் ஃபைலிலும் என்னைப் போன்ற ஆட்களின் வாயிலும்தான் உயிரோடு இருக்கிறது. நான் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி இந்தச் சாலையின் கீழ்ப்பாதியில்தான், குழி அடைப்பதிலும் ஓரமண் கொட்டுவதிலும் கழிந்தது.

போன வருடம் தம்பி பேரன் வந்தான். கல்லூரியில் 'உங்கள் ஊர்ச் சாலையின் வரலாறு' என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "தாத்தா, நெட்டில் தேடினேன், நீளமும் ஊர்ப் பெயரும்தான் இருக்கு" என்றான். சரி, வண்டியை எடு என்றேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய் வந்தோம். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் ரோடு வேறாக இருக்கலாம், பார்க்கும் விதம் ஒன்றுதான்.

முதலில் பெயர்

எண்ணை விடுங்கள், பெயரைப் பிடியுங்கள். பெயரில் இரண்டு ஊர் இருக்கும். ஏன் இந்த இரண்டு ஊர் என்று கேளுங்கள். கடலூரிலிருந்து இன்றைக்கு யார் சித்தூர் போகிறார்கள்? பலாப்பழ லோடு போகலாம், வேறு காரியம் எனக்குத் தெரிந்து கிடையாது. நடுவில் திருவண்ணாமலையும் வேலூரும் இருக்கும்போது அவற்றை விட்டுவிட்டுச் சித்தூர் பெயரை ஏன் வைக்க வேண்டும்?

விடை 1911-க்கு முன்னால் இருக்கிறது. அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூர். வடாற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர், வேலூர் அல்ல. 1911 ஏப்ரலில் சித்தூரைத் தனி மாவட்டமாகப் பிரித்த பிறகுதான் வடாற்காடு கலெக்டர் ஆபீஸ் வேலூருக்கு வந்தது. ஆக, இந்தப் பெயர் இரண்டு ஆற்காடு கலெக்டர்களையும் சேர்த்துக் கட்டிய கயிறு என்பது என் கணிப்பு. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்து சித்தூர் அந்தப் பக்கம் போனது. நம் ஆபீஸ் பெயரை மாற்றவில்லை.

இது வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்வதல்ல, தேடுகிறவர்களுக்கு வேலைக்கு ஆகும். அன்று இரண்டே மாவட்டத்தில் கிடந்த சாலை இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, வேலூர் என்று ஐந்தைத் தாண்டித்தான் மாநில எல்லைக்குப் போகிறது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 1993-இல் விழுப்புரம், 2019-இல் கள்ளக்குறிச்சி. திருக்கோவிலூரைப் பற்றிய பழைய காகிதத்தைக் 'கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்று போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. 'தென்னாற்காடு' என்று தேட வேண்டும். என் பேரன் இரண்டு நாள் வீணடித்தது இதில்தான்.

கல்லும் மதகும்

அடுத்தது கிலோமீட்டர் கல். தலை பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. ஆரஞ்சு இருந்தால் மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் கல் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், அதில் கூடுதல் ஊர்ப் பெயர்கள் இருக்கும். இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு குட்டிக் கல், 2, 4, 6, 8 என்று. புல் மூடியிருக்கும், காலால் விலக்கிப் பாருங்கள், ஆனால் பாம்பு பார்த்து.

நம் சாலையில் கல்லின் நிறம் ஒரு கதையைச் சொல்கிறது. கடலூரிலிருந்து பச்சையைப் பார்த்துக்கொண்டே போகலாம். பண்ருட்டியில் விக்கிரவாண்டி – தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை குறுக்கிடும். அரசூரில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை குறுக்கிடும். விழுப்புரத்துக்குத் தெற்கே அதன் எண் இப்போது 38. அதைத் தாண்டித் திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலை போனால், அங்கே நம் சாலையின் மேலேயே மஞ்சள் தலை ஏறி உட்கார்ந்திருக்கும். திருவண்ணாமலை – வேலூர் துண்டை முன்பு 234 என்று தேசிய நெடுஞ்சாலையில் சேர்த்தார்கள், இப்போது அதற்கும் எண் 38. அரசூரில் குறுக்கே போனதாக நாம் நினைத்த அதே சாலை, விழுப்புரம் வழியாகச் சுற்றி வந்து நம் தோளில் ஏறிக்கொள்கிறது. வரைபடத்தில் இதைப் பார்த்தால் சாதாரண விஷயம். கல்லில் பார்த்தபோது பேரன் வண்டியை நிறுத்திச் சிரித்தான்.

கல்லைவிட எனக்குப் பிடித்தது சிறுபாலங்களின் எண். கைப்பிடிச் சுவரின் முகப்பில் 23/4 என்பது போல எழுதியிருக்கும். 23-ஆவது கிலோமீட்டரில் நான்காவது பாலம் என்று பொருள். ஒரு கிலோமீட்டரில் ஐந்தாறு பாலம் இருந்தால் அந்த இடத்தில் ஏரிக்கால்வாய் நிறைய ஓடியது என்று எழுதிக்கொள்ளுங்கள், இன்று தண்ணீர் இல்லாவிட்டாலும் சரி. எண் தாவினாலோ இரண்டு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று அழித்து எழுதப்பட்டிருந்தாலோ, அங்கே சாலை நேராக்கப்பட்டிருக்கலாம், புறவழி போட்டிருக்கலாம். இறங்கிப் பக்கத்தில் பழைய துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடக்கும், வைக்கோல் காயப்போட்டிருப்பார்கள்.

பழைய மைல் கல் கிடைத்தால் அதிர்ஷ்டம். 8 பர்லாங் ஒரு மைல், ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். மெட்ரிக் அளவு வந்த பிறகு மைல் கல்லெல்லாம் வேலை இழந்தன. நான் ஒன்றைக் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லாகப் பார்த்திருக்கிறேன், இன்னொன்றை மஞ்சள் குங்குமத்தோடு சாமியாக. இரண்டாவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் மைல் கல்லைக் கழுவி, விபூதி பூசி, மாலை போட்டு, பொரி கடலை படைப்பார்கள். லாரிக்காரருக்கு லாரி, எங்களுக்குக் கல்.

ஒரு வருத்தமும் உண்டு. ஒரு வளைவில் பர்லாங் கல் ஒன்று நின்றது, எனக்கு மட்டும் தெரியும் என்று பெருமையாக வைத்திருந்தேன். அகலப்படுத்தும் வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், ஒரே காலையில் அதை ஜல்லியோடு சேர்த்துப் புதைத்துவிட்டார். நான் முன்கூட்டியே படம் எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. நீங்கள் பார்த்த அன்றே எடுங்கள். பக்கத்தில் செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்து எடுத்தால் உயரம் தெரியும்.

கல் நடுவது வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். தருமபுரிப் பக்கம் 13-ஆம் நூற்றாண்டுக் கல் கிடைத்திருக்கிறது: அதியமான் பெருவழி, நாவல்தாவளம் என்ற ஊருக்குக் காதம் 29 (காதம் என்பது பழைய தூர அளவு). எழுத்துத் தெரியாதவருக்காக அதே கல்லில் இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். நம் பச்சைத் தலைக் கல்லில் அந்த வசதி கிடையாது.

புளியமரம்

மரம் வழி காட்டும். சாலை ஓரப் புளியமரங்கள் துறையின் சொத்து, பட்டை அடித்து எண் போட்டிருக்கும், காய் ஏலம் போகும். தை மாசியில் குத்தகைக்காரர் ஆட்களோடு வந்து உலுக்குவார். மரத்தின் இரண்டு வரிசையும் சாலைக்கு இருபுறமும் சமமாக இருந்தால் அந்த இடத்தில் தடம் மாறவில்லை. ஒரு வரிசை மட்டும் இருந்தால், மற்றது அகலப்படுத்தும்போது போயிருக்கும். இரண்டு வரிசையும் சாலையை விட்டு விலகி வயலுக்குள் நடந்தால், பழைய சாலை அதன் நடுவில்தான். இந்த மூன்றாவது வகையைத் தேடுங்கள். மரத்தடியில் இரண்டு நிறுத்து கல்லும் மேலே ஒரு குறுக்குக் கல்லுமாகச் சுமைதாங்கி இருந்தால், நடந்து போனவர்களின் தடம் அது. கர்ப்பமாக இருக்கும்போது இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம்.

நடந்தவர்களைத் தேடுங்கள்

இதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஜல்லியும் தாரும் நேற்று வந்தவை. யார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடந்தார்கள் என்ற பழைய கதைகளை எடுத்து, இன்றைய சாலை மேல் வைத்துப் பாருங்கள்.

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். சமண மடம் இருந்த பாடலிபுத்திரம் இதுதான் என்பார்கள். அந்த மடத்தில் இருந்த தருமசேனருக்குச் சூலை நோய் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவோடு இரவாகத் தமக்கை திலகவதியிடம் திருவதிகைக்கு வந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர்தான் பிறகு அப்பர். திருவதிகை பண்ருட்டியை ஒட்டி, கெடிலக் கரையில். அவர் பிறந்த திருவாமூரும் பண்ருட்டிப் பக்கம்தான். ஆக, வயிற்றுவலிக்காரர் ஒருவர் இருட்டில் நடந்த தூரம் சுமார் 25 கிலோமீட்டர், இன்று நம் ரோட்டின் முதல் துண்டு. அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது மிதந்து கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். அங்கிருந்து மறுபடியும் திருமாணிக்குழி வழியாக அதிகைக்கே நடந்தார். இரண்டு தடவையும் கெடிலம்தான் வழிகாட்டி. சாலை ஆற்றைப் பார்த்தே போகும் என்பதை இங்கே கற்றுக்கொள்ளலாம்.

பண்ருட்டிக்கு மேற்கே இன்னொருவர். சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, இவன் எனக்கு அடிமை என்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது. பண்ருட்டி வட்டாரத்தில் இன்றும் அந்த ஊர் மணம்தவிழ்ந்தபுத்தூர் என்றே இருக்கிறது. கல்யாண வீட்டிலிருந்து பஞ்சாயத்துக்கு மாப்பிள்ளை நடந்த பாதை, ஏறக்குறைய அரசூர் ரோட்டின் திசை. அந்த வெண்ணெய்நல்லூரில்தான் கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலும் இருந்தார்.

திருக்கோவிலூரில் மழை. பொய்கை, பூதம், பேய் என்ற மூன்று ஆழ்வாரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே இடைகழியில் ஒதுங்கினார்கள்: ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். பக்திக்காக அல்ல, இதைப் பயணிகளின் கதையாகவும் கேட்டுப் பாருங்கள். வழிப்போக்கனுக்குத் திண்ணை விட்ட ஊர் என்று அர்த்தம். பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று இருக்கிறது. பாரி இறந்த பின் அவன் மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்பாய்ந்த செய்தியைத் திருக்கோவிலூரின் ஒரு பகுதியான கீழூரில், வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டே சொல்கிறது. பறம்பு மலையிலிருந்து அனாதைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு புலவர் வந்து சேர்ந்த இடம்.

அதற்குப் பிறகு 1896. பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் மதுரையிலிருந்து கிளம்பி, விழுப்புரத்தில் கையில் காசு குறைந்துபோய், மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் வாங்க முடிந்தது. அங்கிருந்து நடந்து அறகண்டநல்லூர் கோயிலில் நின்றான், ஆற்றைத் தாண்டிக் கீழூர் வந்தான். மறுநாள் காது கடுக்கனை அடகு வைத்து ரயில் ஏறி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தான். ரமண மகரிஷி. திருக்கோவிலூர் ரயில் நிலையம் திருக்கோவிலூரில் இல்லை, எதிர்க்கரையில் அறகண்டநல்லூரில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் அவர் நடந்த நடை புரியும். இங்கே வந்தால் ஆற்றின் இரு கரையிலும் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள், கோயிலைச் சீக்கிரம் முடித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தண்ணீர் போகும் இடம்

பழைய ஆட்களிடம் 'வெள்ளத்தில் எங்கே ரோடு அறுத்துக்கொண்டு போகும்?' என்று கேளுங்கள். ஒரே இடத்தை மூன்று பேர் சொன்னால் அது உண்மை. அரசூரைப் பற்றி எங்கள் ஆட்கள் எப்போதும் முணுமுணுப்பார்கள். மலட்டாறு பெண்ணையின் கிளை. முக்கால்வாசி நாள் மணல்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் பெருகி வந்தபோது, அரசூரில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஏறி, தென்மாவட்டப் போக்குவரத்து நின்றது. நான்கு வழிச்சாலை போட்டவர்களுக்குத் தெரியாதது மலட்டாற்றுக்குத் தெரிந்திருந்தது. பாலம் உள்ள இடத்தில் பக்கத்தில் தரைப்பாலத்தின் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் மாட்டு வண்டிக் காலத்தில் ஆற்றைக் கடந்த துறை.

யாரிடம் கேட்பது, எதைப் படிப்பது

'இந்த ரோட்டின் வரலாறு சொல்லுங்க' என்றால் பெரியவர்கள் மிரள்வார்கள், அல்லது கோயில் தலபுராணம் ஆரம்பித்துவிடும். முதல் பஸ் எங்கே நின்றது, சந்தை நாளில் வண்டி எங்கே அவிழ்த்துப் போடுவீர்கள், எந்த மரத்தில் பேய் இருந்தது என்று கேளுங்கள். பேய் இருந்த மரம் வெட்டப்பட்ட வருடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பஸ் கண்டக்டரைவிட ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர் நல்லவர். மண்வெட்டியோடு ஒவ்வொரு அடியையும் தொட்டவர். 2002-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு 2006-இல் திரும்ப எடுக்கப்பட்டவர்களாக அவர்கள் இருப்பார்கள். அந்த 41 மாதத்தைப் பற்றி முதலில் பேசவிடுங்கள். அப்புறம்தான் ரோடு வரும்.

நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலை வாசலில் நில்லுங்கள். 1842-இலிருந்து சர்க்கரை எடுக்கிற ஊர் அது. அரவை நேரத்தில் டிராக்டர் வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநருக்குப் பேச நேரம் நிறைய உண்டு. பண்ருட்டியில் சித்திரை, வைகாசி என்றால் பலா மண்டி. முந்திரி உடைக்கும் பெண்கள் கை கறுத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைக் கேட்டால் எந்த ஊர் முந்திரி எந்த ரோட்டில் வருகிறது என்று கணக்காகச் சொல்வார்கள்.

காகிதம் வேண்டுமென்றால் மூன்று போதும். ஒன்று, 1906-இல் வந்த தென்னாற்காடு கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு. சாலைகளுக்குத் தனிப்பகுதி இருக்கும். இரண்டு, சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத் தாள், பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில். மூன்று, கிராமத்து நில விவரம் உள்ள 'அ' பதிவேடும் புல வரைபடமும். வி.ஏ.ஓ.விடம் இருக்கும், இணையத்திலும் பார்க்கலாம். இன்று வயலாகத் தெரியும் துண்டு அதில் 'சாலை புறம்போக்கு' அல்லது 'வண்டிப்பாதை' என்று பதிவாகியிருந்தால், மேலே சொன்ன புளியமரத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

எப்போது, எப்படி

மொத்தம் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரே நாளில் காரில் போய்விடலாம், ஒன்றும் தெரியாது. நான்கு துண்டாகப் பிரியுங்கள்: கடலூர் – பண்ருட்டி, பண்ருட்டி – திருக்கோவிலூர், திருக்கோவிலூர் – திருவண்ணாமலை, அங்கிருந்து வேலூர் வழியாகக் காட்பாடி. இரண்டாவது துண்டுக்கு முழு நாள் ஒதுக்குங்கள். நான்காவது மஞ்சள் கல் பகுதி. போளூர், கண்ணமங்கலம் தவிர அவசரமாகப் போகலாம், லாரி நெரிசலில் நிற்க இடமும் இருக்காது. வேலூரில் கோட்டையைப் பார்க்காமல் விட்டால் அங்கே சிப்பாய்ப் புரட்சி வெடித்த 1806 ஜூலை 10 கோபித்துக்கொள்ளும், ஆனால் அது வேறு கட்டுரை. ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை பக்கமே தலைவைக்காதீர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலக் கூட்டம் உங்கள் ரோட்டிலும் வழியும்.

கையில் இருக்க வேண்டியது: தேய்ந்த எண்ணை எடுக்கச் சாக்கட்டி (எண்ணின் மேல் பூசித் துடைத்தால் குழியில் வெள்ளை நிற்கும்), ஒரு நோட்டு, வண்டியின் கிலோமீட்டர் மீட்டர், தொப்பி. நோட்டில் முதலில் கல்லின் எண், பிறகு பார்த்தது, பிறகு சொன்னவர் யார் என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் வீட்டுக்கு வந்த பின் எது எங்கே என்று குழம்பும். கிளம்பும் முன் வண்டி மீட்டரை ஒரு கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். என் பழைய வண்டி பத்துக்கு அரை கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டும்.

நாங்கள் நான்காவது ஞாயிறு காட்பாடி தாண்டிக் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி வரைக்கும் போனோம். அதற்கு அப்பால் தெலுங்கில் எழுதிய பலகைகள். சித்தூர் வரை போகலாம் என்றான் பேரன். பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டிருந்தது, எனக்கு மருந்து சாப்பிடும் நேரம். திரும்பிவிட்டோம். அந்தக் கடைசித் துண்டை அவன் நண்பனோடு போய் முடித்துவிட்டு, கல் எண்களைப் போனில் அனுப்பினான்.